ஹியூவெண்டன் மாளிகைக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயரில், ஹை விக்கம் ஊரைத் தாண்டியதும் ஒரு குன்றின் மேல் இருக்கிறது ஹியூவெண்டன் மாளிகை. பல வருடங்களாகப் போய் வருகிறேன். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திறங்கும் கோடை மாதங்களில், "அவங்களை எங்க கூட்டிட்டுப் போறது?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் இந்த இடத்தைத்தான் சொல்வேன். சொன்ன கையோடு சந்தேகங்கள் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது அரண்மனையா, கோட்டையா? படத்துல பார்த்தா ரெண்டும் மாதிரி தெரியலையே?

இரண்டும் இல்லை. இங்கிலாந்தில் இதை மேனர் என்பார்கள். நம் ஊர் ஜமீன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள நிலம், குடியானவர்கள், காடு எல்லாவற்றின் மீதும் உரிமை உள்ள ஒருவரின் வீடு. மன்னர் முதலாம் வில்லியம் 1086இல் எடுத்த நிலக் கணக்கெடுப்பிலேயே ஹியூவெண்டன் பெயர் உண்டு.

இப்போது நிற்கும் வீடு அவ்வளவு பழையதல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மூன்று மாடி வீடு, வெள்ளைப் பூச்சோடு இருந்தது. 1862-63இல் எட்வர்ட் பக்டன் லாம்ப் என்ற கட்டடக் கலைஞர் அந்தப் பூச்சை உரித்துச் செங்கல்லை வெளியே காட்டி, மேலே கிரீடம் வைத்ததுபோல் கைப்பிடிச் சுவர் எழுப்பினார். பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஜன்னல்களைச் சுற்றியும் மேல்விளிம்பிலும் செங்கல்லை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அடுக்கியிருப்பார்கள். சாய்வெயில் படும்போது அந்த நிழல்களாலேயே சுவர் முழுக்கக் கோலம் போட்டதுபோல் இருக்கும்.

யாரோட வீடு? டிஸ்ரேலின்னா யாருன்னே எனக்குத் தெரியாதே

பெஞ்சமின் டிஸ்ரேலி. 1868இல் சில மாதங்களும், பிறகு 1874 முதல் 1880 வரையும் பிரிட்டனின் பிரதமர். நாவலாசிரியரும்கூட. யூதக் குடும்பத்தில் 1804இல் பிறந்தவர். தந்தை ஐசக் தங்கள் தொழுகைக்கூடத்தோடு சண்டை போட்டுப் பிரிந்ததால், 12 வயதில் மகனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அது நடக்காமல் போயிருந்தால் அவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கவே முடியாது. யூதர்களுக்கு அந்தக் கதவு 1858இல்தான் திறந்தது.

நிலக்கிழார்களின் கட்சியை நடத்த வேண்டுமானால் தலைவருக்கும் நிலம் வேண்டும். டிஸ்ரேலியிடம் கடன்தான் இருந்தது. பெண்டிங்க் குடும்பத்துச் சகோதரர்கள் பெரும் தொகையைக் கடனாகக் கொடுக்க, 1848இல் இந்த எஸ்டேட்டை வாங்கினார். 1881இல் இறக்கும்வரை இதுதான் அவருடைய வீடு. பிறகு அண்ணன் தம்பி வழி வாரிசான கொனிங்ஸ்பி டிஸ்ரேலிக்குப் போய், கைமாறி, 1947இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் வந்தது.

கார் இல்லாம போக முடியுமா?

முடியும். லண்டன் மேரிலிபோன் நிலையத்தில் ஹை விக்கத்துக்கு ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஐல்ஸ்பரி பக்கம் போகும் பேருந்து, எஸ்டேட் பாதை தொடங்கும் இடத்தில் நிற்கும். ஓட்டுநரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள். இறங்கியபின் வீடுவரை ஏற்றம். வயதானவர்கள் கூட வந்தால் நிலையத்திலிருந்தே டாக்ஸி வைத்துக்கொள்வது நல்லது.

டிக்கெட் எவ்வளவு? காட்டுல நடக்க மட்டும் போனாலும் காசு கேப்பாங்களா?

கட்டணம் அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. கிளம்பும் நாளில் அவர்களுடைய தளத்தில் பாருங்கள், வீடு திறந்திருக்கும் நேரமும் அங்கேயே தெரியும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் டிக்கெட் உண்டு. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர்களுக்கு நுழைவு இலவசம். வருடத்துக்கு நான்கைந்து இடம் போகிற குடும்பமாக இருந்தால் உறுப்பினராவதே லாபம்.

எஸ்டேட்டின் குறுக்கே பொது நடைபாதைகள் போகின்றன. இந்த நாட்டில் பொது நடைபாதை என்றால் யார் நிலமாக இருந்தாலும் நடக்க எல்லோருக்கும் சட்டப்படி உரிமை. ஆகவே, காடும் புல்வெளியும் மட்டும் போதும் என்பவர்கள் தாராளமாக நடக்கலாம்.

எந்த மாசம் போனா நல்லாருக்கும்?

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை என்றால் யோசிக்காமல் போங்கள். பீச் மரங்கள் (beech; பழம் தரும் பீச் அல்ல) இலை விரித்து மேலே மூடிவிட்டால் அடியில் வெளிச்சம் கிடைக்காது. அதற்கு முந்திக்கொண்டு ஊதாநிற மணிப்பூக்கள் தரை முழுக்கப் பூத்து முடித்துவிடும். அந்தச் சில வாரம் காட்டுக்குள் நீலப் புகை தங்கியதுபோல் இருக்கும். படம் எடுப்பதற்காகப் பூவுக்குள் இறங்காதீர்கள். மிதிபட்ட செடி தேறப் பல வருடம் ஆகும்.

அக்டோபர் கடைசியும் அழகு. பீச் இலைகள் செம்புப் பாத்திர நிறத்துக்கு வரும். வீட்டின் பின்புறப் பூப்பாத்திகளுக்குக் கோடை. ஆகஸ்டில் காட்டில் பூ எதுவும் பெரிதாக இருக்காது, நிழல் இருக்கும்.

எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? முதல்ல வீட்டைப் பார்க்கிறதா, தோட்டத்தையா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பிடிவாதமாகவே பதில் சொல்வேன். முதலில் மரங்கள், பிறகு வீடு. நான் போட்ட வரிசை அல்ல இது. புத்தகமும் மரமும்தான் தன் மோகம் என்று டிஸ்ரேலியே எழுதி வைத்திருக்கிறார். லண்டனிலிருந்து ஹியூவெண்டனுக்கு வந்தால், முதல் வாரம் முழுக்கப் பூங்காவில் உலாவி ஒவ்வொரு மரமாகப் பார்ப்பாராம். அதன்பிறகுதான் நூலகத்துக்குள் நுழைவாராம். அந்த உலாவலை முடித்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள், ஜன்னல்கள் ஏன் அந்தப் பக்கம் பார்க்கின்றன என்று தானாகப் புரியும்.

காலை பதினோரு மணிக்குப் போய் மூன்று மணிக்குக் கிளம்பினால் அவசரமில்லாமல் இருக்கும். வீட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். நம்மவர்கள் பலர் வீட்டை மட்டும் அரை மணியில் சுற்றிவிட்டு "அவ்வளவுதானா?" என்று திரும்புகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

உள்ளே செருப்பைக் கழட்டணுமா? நாற்காலியில உட்காரலாமா? ஏன் எல்லா ரூமும் இருட்டா இருக்கு?

கழற்ற வேண்டாம். ஆனால் கூர்மையான குதிகால் செருப்பும் சேறு ஒட்டிய காலணியும் கூடாது. பழைய மரத்தரையும் கம்பளமும் தாங்காது. முதுகுப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். திரும்பும்போது பீங்கான் சாமானைத் தட்டிவிடாமல் இருக்கத்தான்.

இப்படிப்பட்ட வீடுகளில் சில நாற்காலிகளின் மேல் ஒரு பைன் காயோ, முள் நிறைந்த காய்ந்த பூத்தலையோ வைத்திருப்பார்கள். உட்காராதீர்கள் என்று எழுதி ஒட்டுவதற்குப் பதில் இந்த ஏற்பாடு. என் மகள் சின்ன வயதில் அதைச் சாமிக்கு வைத்த பூ என்று நினைத்துக் கும்பிட்டாள். உட்காரலாம் என்ற நாற்காலிகளும் அறைகளில் உண்டு, கேட்டால் காட்டுவார்கள். இருட்டுக்குக் காரணம் வெளிச்சம் துணியையும் காகிதத்தையும் வெளுக்கச் செய்துவிடும் என்பது. ஒரு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

அறைக்கு அறை நிற்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பேச்சுக் கொடுங்கள். ராணி விக்டோரியா 1877 டிசம்பரில் மதிய உணவுக்கு வந்தார்; அவர் கால் தரையில் படவேண்டும் என்று ஒரு நாற்காலியின் காலை அறுத்துக் குட்டையாக்கினார்கள் என்று சொல்லப்படும் கதையை அவர்கள் வாயால் கேட்கவேண்டும்.

தோட்டம் டிஸ்ரேலி போட்டதா?

அவருடைய மனைவி மேரி ஆன் போட்டது. கணவரைவிட 12 வயது மூத்தவர். வீட்டுக்குப் பின்னால் இத்தாலியப் பாணியில் பாத்தி பிரித்து, பூச்சாடி வைத்து அமைத்தவர் அவர்தான். 1881இல் எடுத்த புகைப்படங்களை வைத்து அதே வடிவில் திரும்ப உருவாக்கியிருக்கிறார்கள். காட்டிலும் கூலியாட்களோடு தானே நின்று பாதை வெட்டி, ஜெர்மன் காடு என்று பெயரிட்டார். எதிர்க் குன்றில் உயரமான நினைவுத் தூண் ஒன்று தெரியும். மாமனார் ஐசக்குக்காக, கணவருக்குச் சொல்லாமலே 1862இல் எழுப்பிய தூண் அது. மதில் சூழ்ந்த தோட்டத்தில் பழைய ஆப்பிள் வகைகள் பல இருக்கின்றன.

அண்டர்கிரவுண்டுல ஏதோ யுத்த ரகசியம் இருக்காமே?

இருந்தது, அறுபது வருடம் போல வெளியே தெரியாமலேயே இருந்தது. 1941இல் விமானத் துறை இந்த வீட்டை எடுத்துக்கொண்டு ஹில்சைட் என்று மறைபெயர் வைத்தது. வேவு விமானங்கள் எடுத்த படங்களைப் பார்த்து, குண்டு போட வேண்டிய இடங்களின் வரைபடங்களை இங்கே கையால் வரைந்தார்கள். 1943 மே மாதம் ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளைத் தாக்கப் போன விமானிகளிடம் இருந்த வரைபடங்களும் இங்கிருந்து போனவைதான். பனிக்கட்டி சேமிக்கக் கட்டிய நிலவறை, புகைப்படம் கழுவும் இருட்டறையானது.

ரகசியம் வெளிவந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. 2000களின் தொடக்கத்தில் வீட்டைப் பார்க்க வந்த ஒரு முதியவர், தான் இங்கே வேலை பார்த்ததைப் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தது அறைக் காவலர் ஒருவர் காதில் விழுந்தது. அதற்குமேல்தான் தேடித்தேடி மற்றவர்களையும் கண்டுபிடித்தார்கள். நிலவறையில் கண்காட்சி இருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் வீட்டில் அலுத்துப்போனால் இங்கே அனுப்புங்கள்.

காட்டுப் பக்கம் பூரா பிளாஸ்டிக் குழாயா நட்டு வெச்சிருக்காங்களே, அது என்ன?

ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு மரக்கன்று இருக்கிறது. இந்தப் பகுதி முழுக்கப் பரவியிருக்கும் சில்டர்ன் குன்றுகளில் எங்கே நடந்தாலும் இந்த இளங்காடுகளைப் பார்க்கலாம். 1979இல் கிரஹாம் டூலி என்ற வனத்துறை ஆய்வாளர் உருவாக்கிய முறை. மான் வாய் வைக்காது, முயல் கடிக்காது, உள்ளே காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதால் கன்று சீக்கிரம் உயரும். இரண்டு மீட்டருக்கு ஒன்று என நட்டால் ஹெக்டேருக்கு 2500 கன்று வரும்.

அவ்வளவும் மரமாகிவிடாது. நெருக்கமாக நடுவதே, ஒன்றோடொன்று வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நேராக வளரட்டும் என்றுதான். பத்துப் பதினைந்து வருடத்தில் மெலிந்ததை எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு இடம் விடுவார்கள். குழாயை உரிய காலத்தில் கழற்றாவிட்டால் அது உடைந்து பிளாஸ்டிக் துண்டாக மண்ணில் சேரும். அதனால் மட்கும் குழாய்களையும் கம்பளியில் செய்த குழாய்களையும் பல இடங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். குழாயின் மேல்வாயில் எட்டிப் பாருங்கள், கையால் தொடாமல். ஓக் என்றால் விளிம்பு வளைவு வளைவாக ஒரு இலை, பீச் என்றால் மெல்லிய பட்டு ரோமம் சுற்றிய இலை, மேலே வரத் துடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு பக்கம் நடுறாங்க, இன்னொரு பக்கம் பெரிய பெரிய மரத்தை வெட்டிப் போட்டிருக்காங்க. இது என்ன பாதுகாப்பு?

கோபமாகக் கேட்ட ஒருவரின் கேள்வி இது. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அடிவயிறு கலங்கியது. காரணம் பெரும்பாலும் ஆஷ் மரத்துக்கு வந்த பூஞ்சை நோய். பிரிட்டனில் 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது. நுனியிலிருந்து காயத் தொடங்கி, கிளை முறுமுறுத்து, எந்த நேரம் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாத நிலைக்கு மரம் வந்துவிடும். நடைபாதை ஓரத்தில் நிற்பவற்றை வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய இடத்தில் ஒரே இனத்தை நடாமல் பல இனங்களைக் கலந்து நடுவது இதில் கற்ற பாடம்.

பீச்சுக்கும் எதிரி உண்டு. சாம்பல் அணில் இந்த நாட்டுக்கு உரியதே இல்லை. 1876இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டது. பத்து முதல் நாற்பது வயதுள்ள மரங்களின் பட்டையை உரித்துத் தின்னும். சுற்றிலும் உரித்துவிட்டால் மேல்பகுதி செத்துப்போகும். இளங்காட்டில் வெள்ளையாகத் தோலுரிந்த தண்டைப் பார்த்தால் அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் காடு யாரும் தொடாத காடாக எப்போதும் இருந்ததில்லை. ஹை விக்கம் நாற்காலிக்குப் பேர்போன ஊர். ஊர்க் கால்பந்து அணிக்கே நாற்காலிப் பையன்கள் என்றுதான் செல்லப்பெயர். பாட்ஜர் எனப்பட்ட தொழிலாளிகள் காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டு, பச்சை பீச் மரத்தைப் பிளந்து, மிதிகடைசலில் நாற்காலிக் கால்களைக் கடைந்து ஊருக்கு அனுப்பினார்கள். வெட்டுவதும் வளர விடுவதும் சேர்ந்தே வளர்த்த காடு.

வானத்துல வட்டம் போடுதே, அது நம்ம ஊர் பருந்தா?

ஒன்றுவிட்ட சொந்தம். வால் நன்றாகப் பிளந்து, செம்மை கலந்து இருந்தால் அது சிவப்புப் பருந்து. இங்கே அழிந்தே போயிருந்தது. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இன்றைக்குத் தலையை உயர்த்தினால் தெரியாத நாள் இல்லை.

சாப்பாடு கட்டிட்டுப் போலாமா?

தாராளமாக. வீட்டுக்குள் மட்டும் திறக்காதீர்கள். பூங்காவின் புல்வெளியில் விரிப்புப் போட்டு புளியோதரை சாப்பிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தேநீர்க் கடையும் இருக்கிறது. அடுப்பு மூட்டுவது கூடாது, இலை காய்ந்த காலத்தில் ஒரு பொறி போதும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பூச்சி, முள்ளு பயம் வேற. காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போலாமா?

வீட்டைச் சுற்றியும் பூப்பாத்திகளிலும் அம்மா நிம்மதியாக நடக்கலாம், ஆங்காங்கே பெஞ்சுகள் உண்டு. காடு ஏற்ற இறக்கம். சுண்ணாம்புப் பாறையின் மேல் களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்த தரை; மழை பெய்த மறுநாள் வழுக்கும். புடவையில் வந்தால் பிடிமானமுள்ள ஷூ போட்டு, கையில் ஒரு கோல் கொடுங்கள். கீழே பள்ளத்தாக்கில் ஓடும் ஓடை குளிர்காலம் முடிந்ததும் பெருகி, வறண்ட கோடைகளில் சில இடங்களில் காணாமலே போகும். அதுவரை போவது சமதளம்தான்.

செந்தட்டி போல அரிக்கும் செடி பாதையோரம் எங்கும் உண்டு, முழுக்கால் உடை போதும். உண்ணியைத்தான் கவனிக்க வேண்டும். மானுள்ள காடுகளில் அது லைம் நோயைப் பரப்பும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, குழந்தைகளின் தலைமுடி ஓரம் பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் போகவேண்டும்.

தாது வருஷப் பஞ்சத்தப்போ டிஸ்ரேலிதானே பிரதமர்? அவர் வீட்டைப் போய் ரசிக்கணுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சேலம் மாவட்டத்துக்காரர். பாட்டி வழியாகப் பஞ்சக் கதை கேட்டு வளர்ந்தவர். ஆம், இவர்தான் பிரதமர். 1876இல் மழை பொய்த்துச் சென்னை மாகாணம் காய்ந்தது. அதே ஆண்டு விக்டோரியாவுக்கு இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தைத் தரும் சட்டத்தை டிஸ்ரேலி நிறைவேற்றினார். அவர் நியமித்த வைஸ்ராய் லிட்டன், 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் அதற்காகத் தர்பார் நடத்தினார். சென்னை அரசு தானியம் வாங்கிச் சேர்த்ததை அந்த வைஸ்ராய் கண்டித்தார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்தவர்களின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறையுமாகக் குறைத்தார். இது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். 1878வரை நீண்ட பஞ்சத்தில் இறந்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல். ராணி இந்த வீட்டில் விருந்துண்டார் என்று மேலே சொன்னேனே, அந்த 1877 டிசம்பர் இந்த ஆண்டுகளுக்கு நடுவில்தான் வருகிறது.

இன்னொரு இழையும் உண்டு. அப்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் இதே பக்கிங்ஹாம்ஷயர்க்காரர். வடக்கே ஸ்டோவ் என்ற பெரிய எஸ்டேட் அவருடையது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டிய கால்வாய்க்கு அவர் பெயர்தான். மயிலாப்பூரில் ரயில் பாதைக்குக் கீழே கறுப்பாகக் கிடக்கிறதே, அதே பக்கிங்ஹாம் கால்வாய். அதைத் தோண்டியவர்கள் பசித்த வயிற்றோடு வந்த நம் ஆட்கள்.

ஆகவே என் பதில், போங்கள், தெரிந்துகொண்டு போங்கள். நூலகத்தில் நிற்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன். மரங்கள் மேல் எனக்குள்ள பிரியம் அதனால் குறையவில்லை, பஞ்சத்தின் மேலுள்ள கோபமும் மரங்களால் குறையவில்லை.

டிஸ்ரேலி சமாதி அங்கேதான் இருக்கா?

பூங்காவுக்குள்ளேயே இருக்கும் புனித மைக்கேல் தேவாலயத்தின் வெளிச்சுவரை ஒட்டி, மேரி ஆனோடு சேர்த்து. ராணி இறுதிச் சடங்குக்கு வருவது மரபில்லை என்பதால், ப்ரிம்ரோஸ் என்ற வெளிர்மஞ்சள் காட்டுப்பூவில் மாலை கட்டி அனுப்பினார். சில நாளில் தானே வந்து பார்த்தார். உள்ளே அவர் வைத்த நினைவுச்சின்னம் இருக்கிறது. ஏப்ரலில் போனால் அந்தப் பூ கல்லறையைச் சுற்றிப் புல்லில் பூத்திருக்கும்.

நாங்களும் ஒரு கன்று நடலாமா?

நீங்களாகக் கொண்டுபோய் நடக்கூடாது. வெளியிலிருந்து வரும் கன்றோடு நோயும் வரலாம்; நோய் வந்தால் என்ன ஆகும் என்று மேலே ஆஷ் மரத்தில் பார்த்தோம். ஆனால் நடும் வேலைக்குத் தன்னார்வலர்கள் எங்குமே தேவைப்படுகிறார்கள். எஸ்டேட் அலுவலகத்திலோ உள்ளூர் கவுன்சிலிலோ கேட்டுப் பெயர் கொடுங்கள். காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை, கன்று இலையுதிர்ந்து தூங்கும்போது. வேர் வெறுமனே மண்ணில்லாமல் வரும். மண்வெட்டியை இறக்கி முன்னும் பின்னும் ஆட்டிப் பிளவு உண்டாக்கி, வேரை நுழைத்து, வேர்க்கழுத்து மண் மட்டத்தில் நிற்கும்படி வைத்துக் குதிகாலால் மிதிக்கவேண்டும். மெல்ல இழுத்தால் வரக்கூடாது, அதுதான் சோதனை. வேர் பத்து நிமிடம் காற்றில் காய்ந்தாலும் கன்று பிழைக்காது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்வார்கள். பையிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்கவேண்டும். தடித்த கையுறை உங்களுடையதையே கொண்டுபோங்கள், அங்கே தருவது பெரும்பாலும் பெரிய கைக்குத்தான் பொருந்தும்.